வீட்டிலிருக்கும் தாய்க்குப் பால் பம்ப் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் தோட்ட டிவிஷனில் கிளினிக் நடந்த அன்று, எட்டு மாத வயிற்றோடு வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு இளம் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாயி, நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போறதில்ல. பிள்ள பொறந்தா ஊட்டுலதான் இருக்கப் போறேன். எனக்கும் பால் பம்ப் வாங்கணுமா? வாங்காட்டிப் பால் வத்திப் போயிருமாமே?" என்று கேட்டாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். வருகிற சம்பளத்தில் வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். அதற்குள் அவளுடைய நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "வேணாம்மா" என்று ஒரு சொல் மட்டும் சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல் போதாது என்று வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் கேட்பதால் இதை உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. போகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏழு வருடம் கொழுந்து பறித்தேன். பிறகு இருபத்தேழு வருடம், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். பால் கொடுக்கும் தாய்மாரை அவ்வளவு காலம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதுதான் என் தகுதி.

காலை பத்து மணி போல மலையிலிருந்து இறங்கி வருவார்கள். கூடையை வாசலில் வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டு, பைப்படியில் முழங்கை வரை கழுவிக்கொண்டு உள்ளே ஓடி வருவார்கள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருக்கும். மடுவத்தில் எந்தப் பிள்ளை அழுதாலும் சரி, அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பால் இறங்கிவிடும். தன் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாலும் இறங்கும். அப்படி வருவதற்குச் சட்டத்தில் உரிமை உண்டு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும். மடுவம் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். இருந்தும் தூர மலையில் நின்றவர்களால் எல்லா நாளும் வர முடியாது. மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். தேயிலைத் தூரில் பாலைப் பீச்சிவிட்டு, மறுபடி நிரைக்குப் போய் நிற்பார்கள். நானும் பீச்சியிருக்கிறேன். மண்ணில் விழுந்த அந்தப் பாலை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே பாலை எடுத்து வைப்பது தேவையற்ற வேலை என்று நான் சொல்ல வரவில்லை. மலைக்குப் போகிறவளுக்கு, கார்மண்ட் தொழிற்சாலைக்குப் போகிறவளுக்கு, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவளுக்கு அது தேவை. தாயும் பிள்ளையும் இராப் பகலாக ஒரே காம்பராவில், ஒரே பாயில் கிடக்கும் வீட்டில், பிள்ளை நன்றாக உறிஞ்சிக் குடிக்கும்போது அது எதற்கு?

என் மகளின் கதையைச் சொல்கிறேன். அவளுக்கு இது முதல் பிள்ளை, வீட்டோடுதான் இருக்கிறாள். போனில் யார் யாரோ பிரிஜ் நிறையப் பால் பைகளை அடுக்கி வைத்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, டவுனில் ஒரு மின்சாரப் பம்ப் வாங்கினாள். பத்து நாள் சம்பளத்துக்கு மேல் வந்த விலை. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு நான் விழித்துப் பார்க்கிறேன். பிள்ளை வயிறு நிறைந்து தூங்குகிறது, இவள் சுவரில் சாய்ந்து அந்த மெஷினைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். போத்தலை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். 30 மில்லிக் கோட்டைக்கூடப் பால் தொடவில்லை. "பாத்தீங்களாம்மா, எனக்குப் பாலே இல்ல" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். விடிந்ததும் பால்மா வாங்கப் போவதாக மருமகனும் சொல்லிவிட்டார்.

நான் விடவில்லை. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, தாய் பிள்ளைகளைக் கவனிக்கும் மருத்துவமாதுவிடம் போனேன். அவர் போத்தலைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைத் தராசில் போட்டார். 2.7 கிலோவில் பிறந்த பிள்ளை ஆறாவது கிழமையில் 3.8 கிலோ. கிளினிக் கொப்பியில் புள்ளியைக் குத்தி, கோடு மேலே ஏறுவதை அவளுக்குக் காட்டினார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகிறது என்று கேட்டார். ஏழெட்டுத் தடவை. "ஆறு தடவைக்கு மேல போகுது, எடையும் ஏறுது, குடிச்சிட்டுக் கைய விரிச்சுக்கிட்டுத் தூங்குது. இதுக்கு மேல என்ன கணக்கு வேணும் மகள்?" என்றார். பம்பில் வருவது மார்பில் இருக்கும் பாலின் அளவு இல்லை. பிள்ளையின் வாய் எடுக்கிற மாதிரி எந்த மெஷினும் எடுக்காது. பிள்ளை குடித்து முடித்த கையோடு பம்ப் பண்ணினால் கொஞ்சம்தான் வரும்.

பால் வற்றிப் போகும் என்ற பயத்துக்கும் அவர் பதில் சொன்னார். பிள்ளை எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவுக்கு உடம்பு சுரக்கும். எடுக்காமல் தேங்கினால் சுரப்பு தானாகக் குறையும். பிறந்த புதிதில் 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பிள்ளை கேட்கும். கேட்கும்போதெல்லாம் கொடுப்பதுதான் பாலைக் கூட்டும் வழி. பால் ஊற வைக்கும் ஹோர்மோன் இரவில்தான் அதிகம், அதனால் இராப் பாலை விடக்கூடாது. எங்கள் அம்மாமார் இந்த விளக்கமெல்லாம் தெரியாமலே செய்த வேலைதான் இது.

அதற்குப் பிறகும் மகளுக்கு மனம் ஆறவில்லை. இன்னும் ஒரு கிழமை ஒளித்து ஒளித்துப் பம்ப் பண்ணினாள். பிள்ளைக்கு வேண்டியதற்கு மேல் எடுத்தால் உடம்பு இரண்டு பிள்ளைக்குச் சுரக்கத் தொடங்கிவிடும். பால் மளமளவென்று ஏறி, இடது மார்பில் ஒரு பக்கம் சிவந்து, கட்டி தட்டி, குளிர்க் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். வழக்கம்போலப் பிள்ளைக்குக் கொடு, வெறுமையாக்குகிறேன் என்று மெஷினை வைத்து இழுக்காதே, ஈரத்துணி வை என்றார்கள். நான்கு நாளில் சரியாகியது. அந்த நான்கு நாளும் அவள் பட்ட வேதனையைப் பெற்றவள் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பம்ப் பாவிப்பது லேசான காரியமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் குழாய், கிண்ணம், போத்தல் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். எங்கள் பைப்பில் காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். எடுத்த பாலை வெளியில் நான்கு மணி நேரம் வைக்கலாம், பிரிஜ்ஜில் நான்கு நாள் வைக்கலாம் என்கிறார்கள். பிரிஜ் எத்தனை காம்பராவில் இருக்கிறது? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நிறுத்திய காலத்தையும், மண்சரிவில் கம்பம் சாய்ந்து நாட்கணக்கில் இருட்டில் கிடந்ததையும் நாங்கள் மறக்கவில்லை. அந்த இருட்டிலும் மார்பில் இருந்த பால் கெடவில்லை.

அப்பாவும் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆசைப்படுகிறார், அதற்காவது பம்ப் வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் அவர் ஒரு போத்தல் கொடுக்கும் நேரத்தில் தாய் உட்கார்ந்து இன்னொரு போத்தல் எடுக்க வேண்டியிருக்கும், வேலை இரட்டிப்பு. குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை விடச் செய்யட்டும், குளிப்பாட்டட்டும், துணி துவைக்கட்டும். தாய்க்கு ஒரு மணி நேரத் தூக்கம் அதில் கிடைக்கும்.

வீட்டில் இருக்கும் தாய்க்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது கையால் பால் எடுப்பது. அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் குறைந்துவிட்டார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மார்பை மெதுவாக நீவிவிட்டு, பெருவிரலைக் கறுப்பு வட்டத்துக்கு மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றுசேர்த்து, விட வேண்டும். அழுத்து, சேர், விடு. காம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது, தோலில் விரலை வழுக்கவிடவும் கூடாது. முதலில் ஒன்றும் வராது. பொறுத்தால் சொட்டும், பிறகு பீறிடும். விரலைச் சுற்றிச் சுற்றி மாற்றி வைத்து, அவித்து எடுத்த கோப்பையில் பிடிக்கலாம். பால் கட்டி மார்பு இறுகிப் பிள்ளையால் கவ்வ முடியாதபோது, கொஞ்சம் எடுத்துவிட்டால் இளகிவிடும். பாங்குக்கோ செத்த வீட்டுக்கோ இரண்டு மணி நேரம் போக வேண்டுமென்றால் ஒரு கோப்பை எடுத்து மூடி வைத்துவிட்டுப் போகலாம். பாட்டி கரண்டியால் கொடுப்பாள். சூப்பி போத்தலே வேண்டாம்.

எங்கள் லயத்திலேயே ஒரு இளம் பெண்ணுக்கு 32 கிழமையில் பிரசவமாகியது. குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், இவள் வார்டில். முதல் நாளே சீம்பாலைக் கையால் சொட்டுச் சொட்டாக எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, உள்ளே கொடுத்தனுப்பினாள். இரவும் பகலுமாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. குழந்தை சுயமாக உறிஞ்சும் வரை அப்படித்தான் பாலைக் காப்பாற்றினாள். இப்படிப் பிரிந்து இருப்பவர்கள், பிள்ளை சரியாகக் கவ்வாதவர்கள், எடை ஏறாத பிள்ளையின் தாய்மார், இவர்களுக்குப் பம்ப் வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவமாதுவோ டாக்டரோதான் சொல்ல வேண்டும். அவர்கள் வாங்கச் சொன்னால் யோசிக்காமல் வாங்குங்கள். ஆனால் ஒருத்தி பாவித்ததை இன்னொருத்தி கேட்டு வாங்க வேண்டாம், உள்ளே போன பாலைக் கழுவி எடுக்க முடியாத இடங்கள் அதில் உண்டு. எங்கள் வீட்டுப் பம்பைக் கேட்டு வந்தவர்களிடம் நான் கொடுக்கவில்லை. அலுமாரிக்கு மேலே பெட்டியோடு இருக்கிறது.

2016ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலக அளவிலும் பெரிய விஷயம் இது. பால் இல்லை என்ற பயத்தை நம் பிள்ளைகளின் மனதில் யாரும் விதைக்க விடக்கூடாது. தோட்டக் கிளினிக்குகளில் கையால் பால் எடுக்கும் விதத்தைத் தமிழில், படத்தோடு ஒட்டி வைக்கும்படி சுகாதார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெண்கள் பக்கத்திலும் அந்தப் படத்தை ஒரு தடவை போடுங்கள்.

கிளினிக்கில் என் கையைப் பிடித்த மகளுக்கு: பம்புக்கு வைத்த காசை உன் புருஷன் அனுப்ப வேண்டாம். பிள்ளை பிறந்ததும் பத்து நாள் லீவு போட்டு அவரையே ஊருக்கு வரச் சொல். தண்ணீர் பிடிக்க, விறகு வெட்ட, பிள்ளையைத் தூக்க வீட்டில் ஒரு ஆண் கை இருக்கட்டும். வருகிற கிளினிக் அன்றைக்கு நான் காலையிலேயே வந்து அதே வாங்கில் இருப்பேன். உன் மாமியையும் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
பிள்ளைமடுவத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு தாய்,
போகவந்தலாவை.