கொரவர் குடிலில் ஓர் இரவு

அபர்டீன்,
அக்டோபர்

அன்புள்ள தேவி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். தலைமையாசிரியை ஆனதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும் திட்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நானும் இப்போதுதான் ஒரு மலையில் இரவு தங்கிவிட்டு வந்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம் முழுக்க மலைதான்.

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகளுக்கு நடுவே லாரிக் க்ரூ என்று நீண்ட கணவாய் ஒன்று போகிறது. அதில் டீ ஆற்றங்கரைக்குச் சற்று மேலே கொரவர் என்ற கல்வீடு. லின் ஆஃப் டீ என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 1877இல் மான்காவலருக்காகக் கட்டியது. இப்போது காவலரும் இல்லை, வாடகையும் இல்லை, கதவுக்குப் பூட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் தள்ளித் திறந்து உள்ளே போகலாம். மவுன்டன் பாத்தீஸ் அசோசியேஷன் என்ற தன்னார்வ அமைப்பு 1965 முதல் இப்படிப்பட்ட குடில்களைப் பழுதுபார்த்து வருகிறது. இன்று நூறு குடில்கள் வரை அவர்கள் பராமரிப்பில் இருக்கின்றன. ஓடு மாற்றுவது முதல் கழிவறையைச் சுத்தம் செய்வதுவரை, சம்பளமில்லாமல் யாரோ வார இறுதியில் நடந்துபோய்ச் செய்கிறார்கள். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

உள்ளே ஒரே அறை. விளக்கு, குழாய், கட்டில் எதுவும் கிடையாது. தண்ணீர் ஓடையில்தான். அடுப்பு இருக்கிறது, விறகை நாம்தான் சுமந்துபோக வேண்டும். சோற்றுப் பையை உயரத்தில் தொங்கவிட்டேன். இல்லாவிட்டால் எலி விடாது. இருட்டிய பிறகு தொப்பலாக நனைந்து இரண்டு பேர் வந்தார்கள். முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஏற்கெனவே படுத்திருந்த நாங்கள் எல்லோரும் பாயை இழுத்து நகர்ந்துகொண்டோம். இடமில்லை என்று சொல்லும் உரிமை அங்கே எவருக்கும் கிடையாது. காலையில் கிளம்பும்போது அறையைப் பெருக்கினோம். அடுத்து எங்கே போகிறோம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தோம். யாராவது காணாமல் போனால் மீட்புக்குழு முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.

அன்று இரவு காற்று கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், 1309 மீட்டர் உயரத்தில் பென் மக்டூயி. அதன் மேட்டுநிலத்தில் நடந்த ஒன்றை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். 1971 நவம்பரில் எடின்பரோவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டி வந்தார்கள். உன் பிள்ளைகள் வயதுதான். மேலே கரன் என்றொரு குடில் இருந்தது. இரவு அங்கே போய்ச் சேருவதாகத் திட்டம். இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். பழக்கப்பட்ட பிள்ளைகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பழக்கம் குறைந்த பிள்ளைகள் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு இரவு திறந்தவெளியில். ஐந்து பிள்ளைகளும் ஓர் உதவிப் பயிற்றுநரும் இறந்துபோனார்கள். பயிற்றுநரும் ஒரு பையனும்தான் பிழைத்தார்கள்.

அந்தக் குடிலை என்ன செய்வது என்று பிறகு நீண்ட விவாதம் நடந்தது. இருந்தால் வழிதவறி வருகிற ஒருவரையாவது காப்பாற்றும் என்றார்கள் சிலர். மறுபக்கத்தில் சொன்னது இது: கடும்பனியில் குடிலே புதைந்துவிடும், தேடினாலும் கிடைக்காது. ஆனால் அது இருக்கிறது என்ற நினைப்பிலேயே, கீழே இறங்க வேண்டிய நேரத்தில் ஜனங்கள் மேலே நடப்பார்கள். 1975இல் அதை அகற்றிவிட்டார்கள். செய்தது சரிதான் என்பேன். கொரவரோ பள்ளத்தாக்கில், பாதையை ஒட்டி இருக்கிறது. அதைத் தவறவிட்டாலும் பாதை உன்னை ஊருக்குக் கொண்டு சேர்க்கும். மேட்டுநிலத்தில் அப்படி எதுவும் இல்லை.

‘இருட்டுவதற்குள் எஸ்டேட் ஷெட்டுக்குப் போய்விடுவோம், அங்கே எல்லாம் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 2018 குரங்கணி காட்டுத்தீயை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, நீ பக்கத்திலேயே இருந்தவள். தேவி, ஷெட்டை நம்பிப் பிள்ளைகளை நடக்க வைக்காதே. ஷெட் இல்லை என்று வைத்துக்கொண்டே மூட்டை கட்டு. ஒவ்வொரு பிள்ளையிடமும் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, ஒருவேளைச் சாப்பாடு கூடுதலாக இருக்கட்டும். எத்தனை மணிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதைக் கிளம்புமுன்பே முடிவுசெய்துவிடு. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பிவிடு. மெதுவாக நடக்கிற பிள்ளையை முன்னால் விடு, மற்றவர்கள் அவள் வேகத்துக்கு வரட்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழுவைப் பிரிக்காதே. இன்னொன்று, இங்கே ஆறு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வந்தால் குடிலில் தங்கக் கூடாது என்பது வழக்கம். நீ முப்பது பேரைச் சொல்கிறாய். ஷெட்டில் அத்தனை பேருக்கு இடமிருக்கிறதா என்று நீயே நேரில் போய்ப் பார்த்தாயா?

திட்டத்தைக் கைவிடு என்று மட்டும் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகள் மலையில் ஒரு விடியலைப் பார்க்க வேண்டும். ஜனவரியில் எனக்கு லீவு கிடைத்திருக்கிறது. பயணத்தை அதுவரை தள்ளிப்போட முடியுமென்றால் நானும் வருகிறேன். வனத்துறைக்கு அனுமதி கேட்டு எழுதும்போது என் பெயரையும் சேர்த்துவிடு.

அம்மாவுக்கு என் அன்பு.

உன்,
மீனா