சில கைகளைப் பற்றி, தங்கவேலுவுக்கு

சிவகாசி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கவேலு,

இடது கையால் நீ எழுதிய கடிதம் புதன்கிழமை கிடைத்தது. முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டி முடிக்கவே அரை மணி ஆயிற்று. நம்ம பழைய முதலாளியின் கையெழுத்தே தேவலைடா. மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது, அடுத்த வாரம் மாவுக்கட்டைப் பிரித்துவிடுவார்கள் என்று உன் மருமகள் போனில் சொன்னாள். பிரித்ததும் வாளி தூக்குகிறேன், மோட்டார் போடுகிறேன் என்று கிளம்பிவிடாதே.

என் பக்கத்துச் சேதி, வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. மறுநாள் காலையில் பட்டையை எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது எதிர்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த பிளாஸ்டிக் வாளி. அடேயப்பா, என்ன சிவப்பு! பத்து வருஷமாக நான் சிவப்பு என்று நினைத்ததெல்லாம் செங்கல் நிறம்தான் போலிருக்கிறது. வலது கண்ணை மூடினால் செங்கல், இடது கண்ணை மூடினால் குங்குமம். அன்றைக்கு முழுக்க இதே வேலையாகக் கிடந்தேன். நர்ஸ் அம்மாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அந்தக் கண்ணோடு நான் உட்கார்ந்து பார்த்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும். பேரன் மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் கனமான ஆல்பம் ஒன்று பிடித்துவந்தான். சோவியத் காலத்துப் போஸ்டர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், அடியில் ரஷ்ய எழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தப் படங்கள் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் அச்சாயின. 1897ஆம் வருஷத்து ரஷ்யக் கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்தறிவு. படிக்கத் தெரியாதவன் நடக்கிறபோதே பார்த்துப் புரிந்துகொள்ளும்படி சுவரில் ஒட்ட வேண்டியிருந்தது. நம் பட்டாசு லேபிளும் தீப்பெட்டி லேபிளும் அதே கணக்குதானே? பேரைப் படித்தா வாங்கினார்கள், மயில் படம் போட்ட பெட்டியைக் கொடு என்றுதானே கேட்டார்கள்.

சின்ன வயசில் நமக்கு இந்தச் சிவப்பு புதுசில்லை. ‘சோவியத் நாடு’ பத்திரிகையைக் கிழித்துத்தான் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுவோம். உன் கணக்குப் புத்தகத்தில் டிராக்டர் ஓட்டுகிற பெண் இருந்தாள், என்னுடையதில் விண்வெளி வீரர். அந்த வழவழப்பான தாளைத் தடவித் தடவித்தான் எனக்கு அச்சுத் தொழில் மேலேயே ஆசை வந்தது. பழைய ரஷ்ய மொழியில் சிவப்பைக் குறிக்கும் சொல்லுக்கு அழகு என்றும் பொருளாம். வீட்டில் சாமிப்படம் வைக்கிற மூலைக்குச் ‘சிவப்பு மூலை’ என்றே பெயர். புரட்சிக்குப் பிறகு பட்டாளக் கொட்டடியிலும் தொழிற்சாலையிலும் லெனின் படமும் செய்தித்தாளும் வைத்த இடத்துக்கு அதே பெயர் போய்ச் சேர்ந்தது. நாமும் செம்மை என்கிறபோது நிறத்தையும் சொல்கிறோம், நேர்த்தியையும் சொல்கிறோம், இல்லையா?

நிறத்தை விட்டுத்தள்ளு. உன் கை ஞாபகமாகவே இருந்ததாலோ என்னவோ, நான் கைகளை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். முகத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, படத்தில் கை என்ன செய்கிறது என்று மட்டும்.

முதல் கை டிமித்ரி மோர் 1920இல் வரைந்தது. செம்படைச் சிப்பாய் ஒருவன் விரலை நீட்டி உன்னையே பார்த்து, ‘படைக்குப் பேர் கொடுத்துட்டியா?’ என்கிறான். ரஷ்ய மொழியிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. அவன் கேட்பது ‘நீ’. ஒரே ராத்திரியில் வரைந்தாராம். கறுப்பு, சிவப்பு இரண்டே நிறம். ஒரு நிறம் கூடினால் இன்னொரு அச்சுக்கல், இன்னொரு ஓட்டம் என்பது உனக்குத் தெரியும். உள்நாட்டுப் போர்க் காலம், தாளுக்கும் மைக்கும் தட்டுப்பாடு. ஆனால் அந்த வறுமையை மனுஷன் எப்படிக் கையாண்டிருக்கிறார் பார். சிப்பாயும் சிவப்பு, பின்னால் நிற்கும் தொழிற்சாலையும் சிவப்பு. ஆலை எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறான் என்று ஒரு கணம் கண் தடுமாறுகிறது. விரல் நீட்டுகிற யோசனை அவர் சொந்தச் சரக்கில்லை. 1914இல் இங்கிலாந்துப் போஸ்டரில் போர் மந்திரி கிச்சனர் பிரபு நீட்டினார், 1917இல் அமெரிக்கப் போஸ்டரில் அங்கிள் சாம் என்கிற தொப்பிக்காரக் கிழவர் நீட்டினார். இங்கே பிரபுவும் இல்லை, கிழவரும் இல்லை. கேட்பவன் பேர் தெரியாத ஒருவன். அதனாலேயே தப்பிக்க முடியவில்லை. நான் ஆல்பத்தைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன், எங்கே போனாலும் விரல் கூடவே வருகிறது.

இரண்டு பக்கம் தள்ளி அதே மோரின் இன்னொரு படம். முழுக்கக் கறுப்பு. நடுவில் எலும்பும் தோலுமாய் ஒரு கிழட்டு விவசாயி, வெள்ளையாக, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி. பக்கத்தில் முறிந்த ஒற்றைக் கதிர். அடியில் ஒரே வார்த்தை: ‘உதவு’. வோல்கா ஆற்றுப் பக்கம் 1921இல் பஞ்சம். மழை பொய்த்தது ஒரு பக்கம்; படைக்கும் நகரத்துக்கும் என்று கிராமத்துத் தானியத்தைப் பறித்துக்கொண்டு போனது இன்னொரு பக்கம். ஏறக்குறைய 50 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறார்கள். ஒரே ஓவியர், இடையில் ஒரு வருஷம்தான். முதல் படத்தில் நீண்ட விரல் யாரிடம் போய்க் கேட்டதோ அவனேதான் இரண்டாவது படத்தில் கை தூக்கி நிற்கிறான் என்று எனக்குத் தோன்றியது. மோர் அப்படி நினைத்து வரைந்தாரா என்பது வேறு விஷயம். சிவப்பை இந்தப் படத்தில் அவர் தொடவே இல்லை, அதை மட்டும் கவனி.

ராதகோவ் வரைந்த எழுத்தறிவுப் படம் ஒன்று, அதுவும் 1920. கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டே மலை விளிம்பில் காலெடுத்து வைக்கிறான். எழுதப்படிக்கத் தெரியாதவன் குருடன் மாதிரி என்று அர்த்தமாம். எழுத்துதான் கண் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

உனக்கு ரொம்பப் பிடிக்கப் போவது ரோஸ்தா ஜன்னல்கள். ரோஸ்தா என்பது தந்திச் செய்தி நிறுவனம். 1919இல் கடைகளில் விற்கச் சரக்கில்லை, கண்ணாடி ஜன்னல் காலியாகக் கிடந்தது. ஓவியர் செரம்னிக், கவிஞர் மாயகோவ்ஸ்கி இவர்களெல்லாம் அன்றைய செய்தியைக் கட்டம் கட்டமாகப் படம் போட்டு அதில் தொங்கவிட்டார்கள். அச்சகம் கிடையாது, அட்டையில் ஸ்டென்சில் வெட்டிக் கையால் நிறம் ஏற்றியது. தேர்தலுக்கு நீயும் நானும் ராவோடு ராவாகச் சின்னம் அடித்தோமே, அதே பாடு. இரண்டாம் உலகப் போரில், ரோஸ்தாவுக்குப் பின் வந்த டாஸ் செய்தி நிறுவனத்தின் பேரில், டாஸ் ஜன்னல்கள் என்று மறுபடி ஆரம்பித்தார்கள். அதில் சில படங்களுக்கு 60 ஸ்டென்சிலுக்கு மேல்! நமக்கு நாலு கலரிலேயே ரிஜிஸ்டர் தப்பி லேபிள் எல்லாம் ரெட்டை ரெட்டையாகத் தெரியும். அவர்கள் எப்படித்தான் பொருத்தினார்களோ.

பெண்களின் கை தனிக்கதை. ஷெகால் 1931இல் வரைந்த படத்தில் சிவப்புடை உடுத்திய ஒருத்தி கதவைத் திறந்துவிடுகிறாள். உள்ளே இருட்டு, அங்கே ஒருத்தி குனிந்து துணி துவைக்கிறாள். வெளியே வெயில், பொதுச் சாப்பாட்டுக்கூடம், குழந்தைகள் காப்பகம். அடுப்படி அடிமைத்தனம் ஒழிக என்பது வாசகம். என் வீட்டுக்காரி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “அது சரி, துவைக்கிற இடத்தில் ஒரு ஆம்பளையையாவது போட்டிருக்கிறானா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். நானும் தேடிப் பார்த்தேன். இல்லை. தலைக்குட்டையையும் கவனி. பழைய கிராமத்துப் பெண் என்றால் முடிச்சு தாடைக்குக் கீழே, புதுக் காலத்துப் பெண் என்றால் முடிச்சு பின்கழுத்தில். ஒரு முடிச்சை இடம் மாற்றியே காலம் மாறிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த கை. குஸ்தாவ் குளுத்சிஸ், லாத்வியாக்காரர். வரைவதைவிடப் போட்டோவை வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரர். அவருடைய 1930ஆம் வருஷத்துப் போஸ்டரில் விரித்த உள்ளங்கை ஒன்று, பக்கம் முழுக்க. அந்தக் கைக்குள்ளேயே கூட்டமாய் நிறையச் சின்னக் கைகள், எல்லாம் விரித்தபடி. மகத்தான வேலைத் திட்டத்தை நிறைவேற்றுவோம் என்று வாசகம். நம்ம காலண்டர்களில் அபயக் கை எத்தனை எழுதியிருப்போம்? ஆனால் இந்தக் கை வரம் கொடுக்கிற கை இல்லை. தீர்மானத்துக்கு ஓட்டுப் போடுகிற கை. பெரிய கையின் ரேகையெல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. கட்டைவிரல் அடியில் அந்தச் சதைமேடு, விரல் கணுக்களின் மடிப்பு... அது யாரோ மாடலின் கை இல்லை, குளுத்சிஸ் தன் கையையே படமெடுத்து வைத்தது.

1938 ஜனவரியில் அவரைக் கைது செய்தார்கள். லாத்வியர்கள் என்பதற்காகவே ஆயிரக்கணக்கானோரைப் பிடித்த நேரம் அது. இந்த மனுஷன் புரட்சிக்காலத்தில் லெனினுக்குக் காவல் நின்ற லாத்விய துப்பாக்கிப் படையைச் சேர்ந்தவர். பிப்ரவரியிலேயே மாஸ்கோவுக்கு வெளியே புதோவோவில் சுட்டுவிட்டார்கள். மனைவி வலந்தீனா குலாகினாவும் நல்ல போஸ்டர் கலைஞர். அவரிடம் மாரடைப்பில் இறந்தார் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா 1987இல் காலமானார். சுட்டுக் கொன்ற விஷயம் வெளியே வந்தது 1989இல்.

இதைப் பேரன் கம்ப்யூட்டரிலிருந்து வாசித்துச் சொன்ன பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி திருப்பினேன். ரேகைதான் தெரிகிறது. ஆயுள் ரேகை நீளமாகத்தான் இருக்கிறது. இந்த மாதிரி சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனாலும் பார்த்தேன்.

அதற்கு அப்புறம் கோவர்க்கோவ் 1940இல் வரைந்த ஸ்டாலின் படம். ராத்திரி, மேசை விளக்கு, கிரெம்ளின் ஜன்னல், நம் ஒவ்வொருவரையும் நினைத்து அவர் உட்கார்ந்து எழுதுகிறாராம். கையில் பேனா. 1937, 38இல் ஸ்டாலினும் சகாக்களும் ஒப்பமிட்ட 383 பட்டியல்கள் இருந்தன, 40,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பெரும்பாலும் மரண தண்டனை. நம்மைப் பற்றி நினைத்தபடிதான் எழுதினார், பொய்யில்லை.

போர் வந்ததும் கைகள் மாறிவிட்டன. 1941இல் தோய்த்ஸே வரைந்த தாய், ஒரு கையைப் பின்னால் உயர்த்தி அழைக்கிறாள், மறு கையில் படைவீரர் உறுதிமொழித் தாள். பின்னால் துப்பாக்கி முனைகள். ‘போர் வந்துட்டுது!’ என்று கத்திக்கொண்டு வந்த தன் மனைவியின் முகத்தைப் பார்த்து வரைந்தார் என்கிறார்கள். அதே வருஷம் வத்தோலினா வரைந்த பெண், சிவப்புத் தலைக்குட்டை, உதட்டின் மேல் ஒரு விரல். உளறாதே என்கிறாள். மூலையில் கவிஞர் மார்ஷக்கின் குட்டிப் பாட்டு, சுவருக்கும் காதுண்டு என்று. போருக்காக வரைந்தது. ஆனால் 1938ஐப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த விரல் புதிதாக எதைச் சொல்லித்தந்திருக்கும்?

கடைசியில் சிரிக்க ஒன்று. 1954, அதே கோவர்க்கோவ். கோட்டு போட்ட ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், ஓரத்திலிருந்து ஒரு கை சின்னக் கிளாஸில் வோட்கா நீட்டுகிறது, இவன் உள்ளங்கையை விரித்துத் தடுக்கிறான். ஒரே சொல், ‘வேண்டாம்!’ 1979 தீபாவளி சீசன் முடிந்த ராத்திரி உனக்கு இந்தப் போஸ்டர் கிடைத்திருந்தால் அந்த சைக்கிள் தப்பித்திருக்கும்.

இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஆல்பத்தை உனக்கு அனுப்பலாமா என்றால் பேரன் விடமாட்டேன் என்கிறான். படமெடுத்துப் போனில் அனுப்பச் சொல்கிறேன். ஆனால் சிவப்பு போனில் சரியாக வருவதில்லை, நேரில் வந்து பார்த்தால்தான்.

கட்டுப் பிரித்ததும் வலது கையால் ஒரே ஒரு கோடு போட்டு அனுப்பு. பிரஷ்ஷில், நம்ம பழைய நம்பர் ஆறில். நடுங்கினாலும் பரவாயில்லை.

உன்,
சண்முகம்