லேசர் ஒளி கண்ணுக்கு விருந்தன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய அறிவியல் நாளையொட்டி ஒரு கல்லூரி தன் ஆய்வகத்தைப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்துவிட்ட செய்தி, மார்ச் 1ஆம் தேதி தங்கள் புதுச்சேரிப் பதிப்பில் படத்துடன் வெளியாகியிருந்தது. ஊதுபத்திப் புகையினூடே பச்சை நிற லேசர் கற்றை ஓடுகிறது. மேசை விளிம்பில் முகவாயை ஊன்றி, கற்றையின் மட்டத்துக்கே கண்ணைத் தாழ்த்தி, நான்கு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. அதன் கீழே, ‘காண்போர் கண்களுக்கு விருந்தாக அமைந்தது’ என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்தபின் எனக்கு அன்று காலை உணவு இறங்கவில்லை.

ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. கற்றை செல்லும் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகாதே என்பதுதான் அங்கே புதிதாக வரும் எவருக்கும் நான் சொல்லும் முதல் சொல். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே ஒளியியல் மேசையை நெருங்க வேண்டும். அவற்றில் பட்டுத் தெறிக்கும் கதிரே ஒரு கண்ணைக் கெடுக்கப் போதுமானது. இவை தாங்கள் அறியாதவை அல்ல. கிரகணம் வரும்போதெல்லாம், வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்காதீர்கள் என்று கட்டம் கட்டி வெளியிடும் நாளிதழ் தங்களுடையது. ஒரே ஒரு மில்லிவாட் லேசர் நேராகக் கண்ணில் விழுந்தாலும், விழித்திரையில் அது குவியும் செறிவு சூரியனை நேராகப் பார்ப்பதைவிட மிகுதி என்பதையும் தாங்கள் அறிந்திருப்பீர்கள்.

கிரகணம் என்றதும் 2010 ஜனவரி 15ஆம் தேதி வந்த வளையக் கிரகணம் நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்தைய நாள் இரவு, எங்கள் ஆய்வு மாணவர் ஒருவர், துடிப்புத் துடிப்பாக ஒளி பாய்ச்சும் என்டி-யாக் (Nd:YAG) லேசரை வைத்து ‘அலைன்மென்ட்’, அதாவது கற்றையை நேர்படுத்தும் வேலை, செய்துகொண்டிருந்தார். மின்வெட்டில் ஏ.சி. நின்றுபோய், மின்சாரம் திரும்பிய பிறகும் அறை புழுங்கிக்கொண்டிருந்ததால், வியர்வையில் பனித்துப்போன பாதுகாப்புக் கண்ணாடியை ஒரு நிமிடம் கழற்றினார். அந்த லேசரின் 1064 நானோமீட்டர் கற்றை அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் நுழைந்து, விழித்திரையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிந்து விழும். மேசை மேல் கருவிகளைத் தாங்கும் கம்பத்தின் எஃகு முனையில் பட்டுத் திரும்பிய ஒரு துடிப்பு அவர் வலக்கண்ணில் பாய்ந்தது. கண்ணை இமை காப்பதுபோல என்கிறோம். இமைப்பதற்குக் கால் நொடி வேண்டும், அந்தத் துடிப்பு நொடியின் நூறு கோடியில் பத்துப் பங்குக்குள் முடிந்துவிடுவது. ‘டப்’ என்று ஏதோ கேட்டது சார் என்றார். வலி இல்லை. மறுநாள் காலையில் நாளிதழை விரித்தபோது, பார்க்கின்ற எழுத்து மட்டும் மறைந்துபோய், சுற்றியுள்ள எழுத்துகள் தெரிந்தன.

கண் மருத்துவமனையில், நேற்றிரவு ஆய்வகத்தில் நடந்தது என்று சொல்ல வேண்டாம், கிரகணத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல் என அவருக்கு மேலிடத்திலிருந்து அறிவுரை வந்தது. 24 வயதுப் பிள்ளை, முனைவர் பட்டம் நெறியாளர் கையில் இருக்கிறது, அப்படியே சொன்னார். விழித்திரையின் நடுவில் வெந்த இடம் ஆறித் தழும்பாகுமே தவிரப் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொன்னபோது அருகில் நின்றவன் நான். விபத்துப் பதிவேட்டில் இன்றுவரை அதற்கு ஒரு வரி இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடன் இருக்கிறது.

அன்று அந்த அறையில் இருந்தது ஒரே கண்ணாடிதான். மற்ற மூன்றும் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை என்பதால் பீரோவில் பூட்டிக் கிடந்தன. தணிக்கைக்கு ஆள் வரும்போது மட்டும் வெளியே வரும். கேட்ட கண்ணாடிகளில் பாதியைக் கொள்முதல் குழு முன்பே வெட்டியிருந்தது. பல லட்சத்துக்கு லேசர் வாங்கியவர்களுக்குச் சில ஆயிரம் பெரிதாகப் பட்டது. கதவைத் திறந்தால் கற்றையை நிறுத்த வேண்டிய இன்டர்லாக்கை, தொல்லை என்று கம்பி கட்டி முடக்கியிருந்தார்கள். அடுத்த அறையில் எக்ஸ்-கதிர்க் கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், சட்டைப்பையில் குத்தும் கதிர்வீச்சு அளவி எல்லாம் உண்டு. லேசர் அயனியாக்காத ஒளி, ஆகவே அந்த வாரியத்தின் எல்லைக்குள் வராது. நிறுவனமே மனம் வைத்தால்தான் காவல்.

இயற்பியல் துறையோடு இது நின்றுவிடவும் இல்லை. 1928இல் சூரிய ஒளியையும் பாதரச விளக்கையும் கொண்டு சர் சி.வி. இராமன் கண்ட ஒளிச்சிதறல் ஆய்வை இன்று லேசர் வைத்துத்தான் செய்கிறார்கள்; வேதியியலிலும் மருந்தியலிலும் உயிரியலிலும் அதற்கான இராமன் நிறமாலைக் கருவி வந்துவிட்டது. மூடியுள்ள வரை அது தீங்கற்றது. பழுது பார்க்க மூடியைத் திறப்பவருக்கு உள்ளே இருப்பது எந்த ஆபத்து வகுப்பைச் சேர்ந்த லேசர் என்று சொல்லித்தர ஆள் இருப்பதில்லை.

இதையெல்லாம் 2019 டிசம்பரில் கிரகணம் வந்தபோது தங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். வெளியிடவில்லை, இடமின்மை காரணமாக இருக்கலாம் என்று எண்ணி அமைதியடைந்தேன். இன்று அதே நாளிதழில் அந்தப் படத்தைப் பார்த்தபோது மனம் நொந்துபோனது.

நான் கேட்பது சிறிது. ஆய்வகப் படம் வரும்போது, கற்றையருகே நிற்பவர்கள் உரிய கண்ணாடி அணிந்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்; இல்லையென்றால் அந்தப் படத்தைத் தவிர்த்துவிடுங்கள். உரிய கண்ணாடி என்பது கூலிங் கிளாஸ் அன்று. பச்சை ஒளிக்கென்று வாங்கியது அகச்சிவப்பைத் தடுக்கும் என்றும் நம்ப முடியாது, எந்த அலைநீளத்துக்கு உரியது என்பது அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். கிரகணத்துக்குப் போடும் அதே அளவில், நான்கு வரியில், இதையும் ஒருநாள் கட்டம் கட்டி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.