வௌவால் ஒலிப்பதிவு: பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வௌவாலின் குரல் போல மனிதக் காதுக்கு எட்டாத உயர் ஒலியை, அதாவது மீயொலியை, பதியும் மைக் இப்போது கைபேசியில் செருகும் வடிவில் பலர் கைக்கு வந்துவிட்டது. அந்தி நேரத்தில் நீட்டிப் பிடித்தால் செயலி உடனே ஒரு வௌவால் இனத்தின் பெயரைக் காட்டுகிறது. அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு ஒலிக்கோப்பை அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். எந்த இனங்களின் குரலைக் கொண்டு செயலி பயிற்றுவிக்கப்பட்டதோ, அந்தப் பெயர்கள்தான் அதற்குத் தெரியும். பட்டியலில் இல்லாத வௌவால் பறந்தாலும், இருப்பதில் ஒன்றை அதன் தலையில் கட்டிவிடக்கூடும். கோப்பு இருந்தால் பிறகு யாராவது திறந்து சரிபார்க்கலாம்.

கோப்பும் உருப்படியாக இருக்க வேண்டும். நொடிக்கு எத்தனை முறை கருவி ஒலியை அளந்து பதிகிறதோ, அதுவே மாதிரி வீதம். அதில் பாதிவரையிலான அதிர்வெண்தான் பதிவாகும். 48 கிலோஹெர்ட்ஸில் பதியும் கைபேசி மைக்கில் 24க்கு மேல் எதுவும் இருக்காது. 256 வைத்தால் 128 வரை, 384 வைத்தால் 192 வரை கிடைக்கும். வீதம் குறைந்து, அந்தப் பாதிக்கு மேலுள்ள ஒலியைத் தடுக்கும் வடிகட்டியும் சரியில்லை என்றால் ஒலி மடங்கி வேறோர் அதிர்வெண்ணில் விழும். 96 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் பதிந்தால், 60இல் கத்திய வௌவால் 36இல் தெரியும். பார்க்க இன்னோர் இனம் போலத் தோன்றலாம், செயலியும் ஏமாறலாம்.

256இல் 16 பிட், ஒற்றைச் சேனல் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 30 மெகாபைட் ஆகும். இடம் போகிறதே என்று எம்பி3 ஆக்கினால் மீயொலி முழுவதும் போய்விடும். சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே வையுங்கள்.

ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிவைத்தால் அலையின் முகடு வெட்டுப்படும். அப்போது ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது நேரத்துக்கேற்ப அதிர்வெண்ணைக் காட்டும் படத்தில், 30 கிலோஹெர்ட்ஸ் குரலுக்கு 90இல் பொய்க்கோடு ஒன்று முளைக்கும். சுவர், தரை, நீர்ப்பரப்பு அருகே வைத்தால் எதிரொலி நேரொலியோடு மோதி, ஸ்பெக்ட்ரோகிராம் கோட்டில் வரிசையாக இடைவெளிகள் விழும். ஒரு கம்பில் இரண்டு மீட்டர் உயரத்தில், திறந்த வெளியைப் பார்த்து மைக்கைக் கட்டுவது நல்லது. காற்றைத் தடுக்கப் போடும் பஞ்சு உறை மீயொலியையும் விழுங்கும். வெட்டுக்கிளி வகைப் பூச்சிகளும் சில மின் அடாப்டர்களும் மீயொலி எழுப்பும். அடாப்டரின் இரைச்சல் அசையாத கிடைக்கோடாகத் தெரியும். கிளம்புமுன் மைக்குக்கு அருகில் விரல்களைத் தேய்த்துப் பாருங்கள். அந்த உரசலில் மீயொலி உண்டு. திரையில் வராவிட்டால் மைக்கிலோ இணைப்பிலோ கோளாறு.

கேட்பதற்கு, நாம் தேர்ந்த அதிர்வெண்ணை ஒட்டிய மீயொலியைக் காதுக்குக் கேட்கும் ஒலியாகத் தாழ்த்தும் ஹெட்டரோடைன் முறை உடனடியானது. ஆனால் 40இல் வைத்தால் அதையொட்டிய ஒலிதான் காதில் விழும்; 80இல் கத்துவது தப்பிவிடும். பதிந்த கோப்பைப் பத்து மடங்கு மெதுவாக ஓட்டினால் 45 கிலோஹெர்ட்ஸ் 4.5 ஆகும், 5 மில்லிநொடித் துடிப்பு 50 ஆக நீளும். இரையை நெருங்கும்போது துடிப்புகள் நெருங்கி நெருங்கி ஒரே ரீங்காரமாக முடிவதைக் கேட்டவர்களுக்கு அந்தக் கோப்பை அழிக்க மனம் வராது.

எதுவும் பதிவாகவில்லை என்பதால் வௌவாலே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி காற்றில் மீட்டருக்கு அரை டெசிபல் அளவில் தேயும். 100 கிலோஹெர்ட்ஸோ 3 டெசிபலுக்கு மேல். உயர்ந்த குரல் சில மீட்டர்களிலேயே அடங்கிவிடும். பெரிய பழந்தின்னி வௌவால்கள் எதிரொலி கேட்டு வழியறிவதற்கான மீயொலிக் குரலே எழுப்புவதில்லை. கூட்டமாகத் தலைக்கு மேல் போனாலும் திரை வெறுமையாகவே இருக்கும்.

ஒவ்வொரு கோப்போடும் தேதி, நேரம், இடம், மைக்கின் மாடல் பெயர், மாதிரி வீதம், ஒலிப்பெருக்க அளவு ஆகியவற்றை எழுதிவையுங்கள். செயலி சொன்ன பெயரையும் எழுதலாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்