பீட்ரிக்ஸ் பாட்டரின் மறுபாதியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் சிறுவர் பக்கத்தில் ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். நான் ஏற்காடு மலையில் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். அவருடைய பீட்டர் முயல் கதையைப் பல வகுப்புகளுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். முயல் கதை எழுதிப் புகழ்பெற்றார் என்பதோடு உங்கள் குறிப்பு முடிந்துவிட்டது. அந்தக் கதைகளில் வந்த பணத்தை வைத்து அவர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. மலையில் வளரும் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியதே அதுதான்.

எங்கள் பிள்ளைகள் அந்தக் கதையைக் கேட்ட விதத்தைச் சொல்கிறேன். ஊரிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள், முயல் தப்பிக்க வேண்டுமே என்று பதறுவார்கள். நாகலூர், வெள்ளக்கடைப் பக்கத்து மலைப் பிள்ளைகளோ, முயல் நுழைந்து மேய்ந்த தோட்டத்தின் சொந்தக்காரர் மெக்ரெகர் கட்சி. "டீச்சர், பீன்ஸ் அவரு போட்டதுதானே, முயல் எதுக்கு உள்ள போச்சு?" என்று சண்டைக்கு வருவார்கள். ராத்திரி காட்டெருமை மிதித்துவிட்டுப் போன கொல்லையைக் காலையில் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் வேறு எப்படிக் கேட்பார்கள்? பாட்டர் இருந்திருந்தால் இதை ரசித்திருப்பார். பிற்காலத்தில் அவரே விவசாயிதான்.

அவர் 1866-ல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தார். பள்ளிக்கு அனுப்பவில்லை, ஆசிரியைகள் வீட்டுக்கே வந்து பாடம் சொன்னார்கள். விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஸ்காட்லாந்துக்கும், வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான ஏரி மாவட்டத்துக்கும் போகும்போது கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். காளான்கள் மீது தனி ஈடுபாடு. சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துத் தபால்காரர் காளான்களை நன்றாக அறிந்தவர். அவர் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி, எதைக் கவனித்து வரைய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். காளான் வித்துகள் முளைப்பதைப் பற்றிப் பாட்டர் எழுதிய கட்டுரை 1897-ல் லண்டனில் இயற்கை அறிவியலாளர்களின் அமைப்பான லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. எழுதியவர் மட்டும் அங்கே இல்லை, அந்தக் கூட்டங்களில் அப்போது பெண்களுக்கு இடம் கிடையாது. மழை விட்டதும் எந்தக் காளானைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் எனக்கே சொல்லித் தந்திருக்கிறார்கள். அதுவும் அறிவியல்தான் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

முயல் கதை 1893-ல் ஒரு கடிதமாகத்தான் பிறந்தது. தன் பழைய ஆசிரியையின் சிறு மகன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, அவனுக்குப் படம் வரைந்து எழுதி அனுப்பினார். பிறகு புத்தகமாக்க முயன்றபோது பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டு ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகம் வண்ணப் படங்களோடு வெளியிட்டது. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

1905-ல் அந்தப் பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்த நார்மன் வார்னுக்கும் இவருக்கும் திருமணம் நிச்சயமானது. ஒரு மாதத்திலேயே நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அதே ஆண்டு, புத்தக வருமானத்தோடு அத்தை விட்டுச்சென்ற சிறு தொகையையும் சேர்த்து, ஏரி மாவட்டத்தின் நியர் சாரே கிராமத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார் பாட்டர். அங்கிருந்துதான் அவருடைய இரண்டாவது வாழ்க்கை. 1913-ல் வில்லியம் ஹீலிஸ் என்ற உள்ளூர் வழக்கறிஞரை மணந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். திருமணத்துக்கு முன்பே, பக்கத்து விண்டர்மியர் ஏரியில் நீர்விமானங்கள் இறங்கி ஏறத் தொடங்கியபோது, அதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பண்ணை பண்ணையாக வாங்கிக்கொண்டே போனார். 1923-ல் வாங்கிய டிரவுட்பெக் பார்க் பெரிய ஆட்டுப்பண்ணை. ஹெர்ட்விக் செம்மறி அந்த மலைக்கே உரிய இனம், நமக்கு மேச்சேரி ஆடு போல. அதை வளர்ப்பதில் பெயர் வாங்கி, ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கத்தின் தலைவராகவும் தேர்வானார். பொறுப்பேற்கும் முன்பே, 1943 டிசம்பரில் இறந்தார். 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும், இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார். மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளையே தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

இங்கே நிலைமை உங்கள் நிருபர்களுக்கே தெரியும். சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகுக் கொடியுமாக இருந்த தோட்டங்கள் பிளாட்டாகவும் காட்டேஜாகவும் மாறுகின்றன. விற்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, காப்பி விலை ஓர் ஆண்டு போல மறு ஆண்டு இல்லை, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் வேறு. பாட்டரைப் போல வாங்கிக் குவிக்கும் பணம் இங்கே யாரிடம் இருக்கிறது? சரி, அது முடியாது. ஆனால் அவர் யோசித்த விதம் நமக்கு உதவும். மலையைக் காப்பது என்றாலே ஆட்களை வெளியேற்றி வேலி போடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவர் மண்ணோடு சேர்த்து, அதில் பாடுபடும் குடியானவரையும் அவருடைய ஆட்டையும் காப்பாற்றினார். இன்றும் அந்தப் பண்ணைகளில் குத்தகை விவசாயிகள் ஆடு மேய்க்கிறார்கள்.

எழுத்தில் வரும் வருமானம் ஒரு மலைக்கு இவ்வளவு செய்திருக்கிறது என்பது, கொல்லையில் அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கும் ஒரு சிறுமிக்கு உங்கள் பத்திரிகை வழியாகத் தெரியட்டும். ஜூலை 28 பாட்டரின் பிறந்தநாள். அதையொட்டி அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். படம் போடுவதாக இருந்தால், முயலை எல்லோரும் பார்த்தாயிற்று, அவர் வரைந்த காளான்களில் ஒன்றைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.