ஞாயிற்றுக்கிழமை பேருந்தைத் திரும்ப விடுங்கள்

இத்தாலியின் மொலீசே மாநிலத்தில் உள்ள செபீனோ வட்டாரத்தின் பேருந்து அட்டவணையைத் தீர்மானிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆல்டீலியா வழியாகப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டீர்கள். பயணிகள் குறைவாம். மறுபடி விடச் சொல்லி இத்தாலிய மொழியில் நான் எழுதிய மனு உங்களிடம்தான் இருக்கிறது. பதில் இல்லை. தமிழில் எழுதினாலும் இதே பதில்தானே வரும்? அதனால் துணிந்து எழுதுகிறேன். எங்கள் ஆட்களாவது படிப்பார்கள்.

இங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்போது நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஆல்டீலியாவில் பிறந்தவர். சைப்பினும் என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் கிடக்கும் அதே இடம். அங்குள்ள பழைய அரங்கத்தின் வளைவை ஒட்டி, பிற்காலத்தில் குடியானவர்கள் வரிசையாக வீடு கட்டிக்கொண்டார்கள். அதில் ஒன்று பாட்டியின் வீடு. சுற்றுலா வருபவர்கள் படம் எடுக்கும் கல், அவருக்கு அடுப்படிச் சுவர். ஞாயிறு பூசை முடிந்ததும் பேருந்தில் போய், அந்த வாசலில் உட்கார்ந்து, கழுதை காணாமல் போன கதை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் சொல்லிவிட்டு மாலையில் திரும்புவார். மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் திரும்பும்போது முழுக்க ஏற்றம். 80 வயது தாண்டிய முழங்கால் தாங்காது. வாடகைக் கார் கம்போபாஸோ நகரத்திலிருந்து வரவேண்டும். அதற்கு அவருடைய ஓய்வூதியம் பத்தாது. இப்போதும் ஞாயிறானால் கோட்டைப் போட்டுக்கொண்டு, “இன்றைக்காவது பஸ் உண்டா?” என்று கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

இந்த ஊரில் ஆடுகளுக்கு எந்தக் காலத்திலும் வழி இருந்திருக்கிறது. பெஸ்கசேரோலியிலிருந்து கண்டேலா வரை 211 கிலோமீட்டர் நீளும் மந்தைப் பாதை, சைப்பினும் நகர மதிலின் பொயானோ வாசலில் நுழைந்து பெனவென்தோ வாசல் வழியாக வெளியேறும். 15ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலியை ஆண்ட அரகோன் அரசர்கள் பெரிய மந்தைப் பாதைகளுக்கு 111 மீட்டர் அகலம் ஒதுக்கினார்கள். ஆட்டுக்கு 111 மீட்டர். பாட்டிக்கு ஓர் இருக்கை கிடையாது.

அந்தப் பொயானோ வாசலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸ் காலத்தது, கி.பி. 170ஐ ஒட்டியது. பேரரசரின் மந்தைகளை ஓட்டிவந்த மேய்ப்பர்களை, ‘ஓடிப்போன அடிமைகள், திருட்டு ஆடுகள்’ என்று சொல்லி ஊர் அதிகாரிகளும் காவலர்களும் மடக்கியிருக்கிறார்கள். அந்தக் களேபரத்தில் ஆடுகள் தொலைந்தன. மந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் முறையிட்டார்கள். செப்டிமியானஸ் என்ற அலுவலர் தன் மேலதிகாரி கோஸ்மஸுக்கு எழுத, அவர் பேரரசரின் காவற்படைத் தலைவர்களுக்கு எழுத, பஸ்ஸேயஸ் ரூஃபஸ், மக்ரீனியஸ் விண்டெக்ஸ் என்ற அந்த இருவரும் சைப்பினும் அதிகாரிகளுக்கே எழுதிவிட்டார்கள்: தொல்லையை நிறுத்துங்கள், இல்லையென்றால் விசாரணையும் தண்டனையும் உண்டு. மூன்று கடிதமும் வரிசையாகக் கல்லில் இருக்கின்றன. ஆட்டுக்காரர்களின் புகார் அவ்வளவு உயரம் போய்ப் பதிலோடு திரும்பியிருக்கிறது, அதுவும் உள்ளூர் அதிகாரிகளைக் கண்டித்து உள்ளூர் வாசலிலேயே! என் மனு உங்கள் அலுவலகத்தின் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்காவது போனதா?

2019இல் மொலீசே மாநிலம், 2,000 பேருக்குக் குறைவாக வாழும் ஊர்களில் குடியேறித் தொழில் தொடங்கினால் மாதம் 700 யூரோ தருவதாக அறிவித்தது. உலகம் முழுக்க அது செய்தியானது. அது உங்கள் துறை இல்லை, தெரியும். ஆனாலும் புதிதாக வருகிறவருக்குப் பணம், பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவருக்குப் பேருந்துகூட இல்லை என்றால் இது என்ன கணக்கு? 9ஆம் நூற்றாண்டில் சரசேனியர் என்ற முஸ்லிம் படையினர் வந்து சூறையாடியதால் கீழே சைப்பினும் நகரில் இருந்தவர்கள் மலையேறி இன்றைய செபீனோவில் குடியேறினார்கள். இங்கிருந்தும் கிளப்ப இப்போது சரசேனியர் தேவையில்லை, உங்கள் அட்டவணை போதும்.

சரி, வார்த்தை தடித்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை பேருந்தைத் திரும்ப விடுங்கள். காலையில் இறங்க ஒன்று, மாலையில் ஏற ஒன்று. பெரிய வண்டி கட்டுப்படியாகாது என்றால் சின்ன வேன் போதும். செப்டம்பருக்குள் என்றால் பெரிய உதவியாக இருக்கும். அப்புறம் குளிர் தொடங்கிவிடும், பாட்டியை வெளியே அழைத்துப் போக அவருடைய மகள் விடமாட்டார்.

தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
செபீனோவில் வேலை பார்க்கும் ஒரு தமிழர்