ஒரு பைசாவுக்கு நின்றவர்கள்

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தக்காளி பறிப்பில் மாட்டிக்கொண்டதால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கொஞ்ச நாள் அடுப்படிப் பக்கம் விடாதே.

இங்கே விலை விழுந்துவிட்டது. போன வாரம் 14 கிலோ பெட்டி 90 ரூபாய்க்குத்தான் போனது, அதிலும் பறிப்புக் கூலி, வண்டி வாடகை, இறக்குக் கூலி, கமிஷன் எல்லாம் போகக் கையில் நின்றது 40 ரூபாய், நாற்றுக்கும் குச்சிக்கும் மருந்துக்கும் போட்ட காசை இதில் நான் கழிக்கவே இல்லை. ஏலம் போடுகிறவர் மேலே இருந்த இரண்டு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார், விலையைச் சொன்னார், அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். மூன்று மாசப் பாடு அவ்வளவுதான்.

“அதான் இலவசக் கரண்ட் இருக்கிறதே, இன்னும் எதற்குப் போராட்டம்?” என்று கேட்டிருந்தாய். ஜூலை 5-ஆம் தேதி திருப்பூர் பக்கத்துப் பெருமாநல்லூரில் இருக்கிற விவசாயிகள் நினைவுத் தூணுக்குப் போயிருந்தேன், அங்கே நின்றபோது இதேதான் மனசில் ஓடியது. 1970-இல் மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடியதற்கு அங்கே மூன்று விவசாயிகளைச் சுட்டார்கள். ஒரு பைசா, மணி. 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டு, கோவை ரோடுகளில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதில் எங்கள் அப்பாருவும் வண்டி பூட்டிப் போனவர். இன்றைக்கு என் மோட்டார் கட்டணமில்லாமல் ஓடுகிறது என்றால் அது அவர்கள் வாங்கிக் கொடுத்தது, யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை.

ஆனால் அன்றைக்கு மின்கட்டணத்தை ஏற்றியது அரசு, அதனால் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. தக்காளி விலையை யார் வைக்கிறார்கள், யார் வாசலில் நான் வண்டியை நிறுத்துவது? மத்திய அரசு அறிவிக்கிற குறைந்தபட்ச ஆதரவு விலை இருபது சொச்சம் பயிருக்குத்தான், அதில் காய்கறி கிடையாது. சாகுபடிச் செலவுக்கு மேல் பாதியாவது சேர்த்து ஆதரவு விலை வையுங்கள் என்று விவசாயிகளுக்காக மத்திய அரசு போட்ட சுவாமிநாதன் ஆணையம் 2006-லேயே சொல்லிவிட்டது. டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து 2021-இல் மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெற வைத்தவர்களுக்கே ஆதரவு விலைக்கான சட்ட உத்தரவாதம் கிடைக்கவில்லை.

முடியாத காரியமும் இல்லை. இங்கிருந்து வாளையாறு தாண்டினால் கேரளா, 2020-இல் 16 காய்கறிக்கு உற்பத்திச் செலவோடு 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலை அறிவித்தார்கள், தக்காளியும் அதில் உண்டு. நம் பக்கமும் அதைக் கேட்க வேண்டும் என்று ஊரில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம், மனு எழுத நீ உதவினால் நன்றாக இருக்கும், உனக்குத்தான் அந்த எழுத்து வரும்.

அப்புறம், போன வாரம் சென்னையில் நீ தக்காளி கிலோ என்ன விலைக்கு வாங்கினாய் என்று மறக்காமல் எழுது. மனுவில் சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
சுப்பு